மூல பைனரியை ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றுதல்: இலக்குக் கட்டமைப்பைக் குறிப்பிடும் முறை

மூல பைனரி கோப்பு என்பது தன்னைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத பைட்டுகளின் வரிசை. எழுத்துருப் படங்கள், ஒலித்துண்டுகள், விலை அட்டவணைகள், இன்னொரு செயலிக்கான நிரல் ஆகிய எதுவும் அந்த வடிவில் இருக்கலாம். ஆனால் அது எந்தச் செயலிக்கு உரியது, 32 பிட்டா 64 பிட்டா, இரண்டு பைட் எண்ணில் எந்தப் பைட் முதலில் வரும் என்ற செய்திகள் கோப்புக்குள் எங்கும் இருப்பதில்லை. ஆப்ஜெக்ட் கோப்பு இதற்கு நேர்மாறானது. கம்பைலர் ஒவ்வொரு மூலநிரலையும் தனித்தனியே மாற்றித் தருகின்ற, பின்னர் லிங்கர் ஒன்றாகத் தைத்து முழு நிரலாக்குகின்ற இடைநிலைக் கோப்பு அது. இன்று பரவலாக வழங்கும் எல்ஃப் வடிவத்தில் அதன் தலைப்பகுதியிலேயே செயலியின் பெயர், பிட் அளவு, பைட் வரிசை ஆகிய மூன்றும் எண்களாகப் பதியப்பட்டிருக்கும். ஆகவே முன்னதைப் பின்னதாக மாற்றும்போது, மூலத்தில் இல்லாத செய்தியை மாற்றுபவர்தான் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். அதைத் தெளிவாகக் கொடுக்காமல் கருவியின் இயல்புநிலையை நம்புவதே இத்துறையில் நேரும் பெரும்பாலான கோளாறுகளின் தோற்றுவாய்.

விளக்கத்துக்கு ஒரு பணியை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியும் எதற்கு என்பது விளங்கும். திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் அமைந்த பாவூர்சத்திரத்தின் காமராஜர் தினசரிச் சந்தைக்குச் சுற்றுவட்டார ஊர்களின் காய்கறி வந்து சேர்கிறது. அங்கிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கும் லாரிகள் செல்கின்றன. கத்தரி, வெண்டை, சீனியவரை, தடியங்காய், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் அன்றைய விலையைக் கமிஷன் கடை வாசலில் தமிழில் காட்டும் ஓர் ஒளிப்பலகையை அவ்வட்டாரப் பொறியியல் மாணவர் ஒருவர் செய்ய முனைவதாகக் கொள்ளலாம். பலகையின் சிறு செயலியில் இயங்குதளம் கிடையாது. கோப்புகளைத் திறந்து படிக்கும் வசதியும் கிடையாது. எனவே தமிழ் எழுத்துகளின் படங்கள் நிரலோடு நிரலாகவே உள்ளே சென்றாக வேண்டும். ஓர் எழுத்துக்கு 32 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் ஒதுக்கினால் ஒன்றுக்கு 96 பைட்டுகள் ஆகும். 247 எழுத்துகளுக்கும் சேர்த்து 23,712 பைட்டுகள். கிரந்த எழுத்துகளையும் எண்களையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். இந்தக் கோப்புதான் இங்கே மூல பைனரி.

செயலியாக இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட ஒன்றையே எடுத்துக்கொள்ள இன்று வழியிருக்கிறது. செங்கோட்டை மலையைக் கடந்தால் பாவூர்சத்திரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய வேகா வரிசையில் தேஜஸ்32 என்னும் நுண்கட்டுப்படுத்தி உள்ளது. 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் கொண்ட அது ஏரீஸ் என்னும் பலகையில் கிடைக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் மற்றொரு வழி. 2018-இல் சண்டிகரை அடுத்துள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட ரிமோவும், 2020-இல் வெளியான மௌஷிக்கும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அனைத்தும் ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அத்தொகுதிக்கு எவரும் உரிமத் தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதால்தான் ஒரு பல்கலைக்கழக ஆய்வகமே முழுச் செயலியை வடிவமைப்பது இயலுவதாயிற்று. ஆனால் மாணவரின் மடிக்கணினியில் இருப்பதோ இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி. நிரல் உருவாகும் கணினி வேறு, நிரல் ஓடும் செயலி வேறு என்னும் இந்த நிலையில்தான் இலக்குக் கட்டமைப்பைக் குறிப்பிடுவது தவிர்க்க முடியாத கடமையாகிறது.

கட்டளையின் மூன்று பகுதிகள்

மாற்றத்துக்குப் பயன்படும் கருவி ஆப்ஜ்காப்பி. குனு பின்யூட்டில்ஸ் என்னும் கருவித்தொகுப்பில் லிங்கரோடும் அசெம்பிளரோடும் சேர்ந்தே அது வருகிறது. பல்வேறு கோப்பு வடிவங்களைப் படிக்கவும் எழுதவும் பிஎஃப்டி என்னும் நூலகத்தை அது சார்ந்திருக்கிறது. கீழ்வரும் கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ரோமன் எழுத்தில்தான் இட வேண்டும். தேஜஸ்32-க்கான கட்டளை இவ்வாறு அமையும்:

ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்-ஆப்ஜ்காப்பி -ஐ பைனரி -ஓ எல்ஃப்32-லிட்டில்ரிஸ்க்வி -பி ரிஸ்க்வி:ஆர்வி32 ஃபாண்ட்.பின் ஃபாண்ட்.ஓ

ஐ, ஓ, பி ஆகிய மூன்றும் பெரிய எழுத்துகளாக இருத்தல் வேண்டும். சிறிய ஐயும் சிறிய பியும் இதே கருவியில் முற்றிலும் வேறு வேலைக்கு உரியவை. முதலாவது, உள்ளே வரும் கோப்பின் வடிவத்தைச் சொல்கிறது. பைனரி என்றால் இது வெறும் பைட்டுகள், இதில் தலைப்பகுதி எதையும் தேடாதே என்பது பொருள். இரண்டாவது, வெளியே போகும் கோப்பின் வடிவம். எல்ஃப், 32 பிட், சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை, ரிஸ்க்-வி என நான்கு செய்திகள் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. மூன்றாவது விருப்பமே இந்த அத்தியாயத்தின் மையம். கட்டமைப்பு எதுவென்று தெரியாத உள்ளீட்டுக்கு, இதுதான் கட்டமைப்பு என்று சாற்றுகின்ற விருப்பம் அது. ஏற்கெனவே கட்டமைப்பு பதிந்த ஒரு கோப்பை உள்ளீடாகக் கொடுத்தால் கருவி இவ்விருப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகையால் இன்டெல் செயலிக்கான ஆப்ஜெக்ட் கோப்பை இதைக் கொண்டு ரிஸ்க்-வி கோப்பாக்கிவிடலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. இது பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையே அன்றி மொழிபெயர்ப்பு அன்று.

வெளியீட்டு வடிவமே செயலியின் பெயரைச் சொல்லிவிடுகிறதே, பிறகு மூன்றாவது எதற்கு என்ற கேள்வி இயல்பானது. பிஎஃப்டி நூலகம் கோப்பு வடிவத்தையும் கட்டமைப்பையும் தனித்தனிச் செய்திகளாகக் கையாள்வதே காரணம். எல்ஃப்32 என்ற உறையைத் தேர்ந்தாலும், உள்ளே வைக்கப்படும் பொருள் எக்கட்டமைப்புக்கு உரியது என்பதை உள்ளீட்டிலிருந்தே கருவி எடுத்துக்கொள்ள முயலும். மூல பைனரியில் அது இல்லை. பழைய பதிப்புகளில் மூன்றாவது விருப்பத்தை விட்டுவிட்டால் வெளியீட்டின் தலைப்பகுதியில் கட்டமைப்பு அறியப்படாதது என்றே பதிவாகி, லிங்கர் அக்கோப்பை ஏற்க மறுக்கும். புதிய பதிப்புகள் இந்நிலையில் வெளியீட்டு வடிவத்திலிருந்தே கட்டமைப்பை ஊகித்துக்கொள்கின்றன. எல்எல்விஎம் குழுவினரின் ஆப்ஜ்காப்பியோ மூன்றாவது விருப்பத்தை ஏற்றுக்கொண்டு, அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. வெளியீட்டு வடிவமே அதற்குப் போதும். இப்படிக் கருவிக்குக் கருவியும் பதிப்புக்குப் பதிப்பும் நடத்தை மாறுவதால், மூன்றையும் எப்போதும் எழுதிவிடுவதே சரியான வழக்கம். எழுதியதால் எங்கும் கேடில்லை. எழுதாமல் விட்டது கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினியில் நிச்சயம் சிக்கலாகும்.

இரண்டாவது விருப்பத்தை விட்டுவிடுவது இதைவிட ஏமாற்றும் தன்மை கொண்டது. வெளியீட்டு வடிவம் சொல்லப்படாதபோது உள்ளீட்டின் வடிவத்தையே கருவி பின்பற்றும். அதாவது பைனரியைப் பைனரியாகவே நகலெடுத்து, கேட்ட பெயரில் வைத்துவிடும். கட்டளை பிழையின்றி முடியும், கோப்பும் உருவாகியிருக்கும். பிறகு லிங்கர் அதைத் திறந்து, எந்த வடிவமும் அடையாளம் தெரியாமல், லிங்கருக்கான குறிப்புரை நிரலோ என்று எண்ணிப் படித்து, தொடரமைப்புப் பிழை என்று அறிவிக்கும். அப்பிழைச் செய்தியைப் பார்த்து எழுத்துருக் கோப்பில் குறை தேடுவோர் உண்டு. குறை அங்கே இல்லை.

பெயர்களைத் தேர்ந்தெடுத்தல்

சரியான சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆப்ஜ்காப்பிக்கு இன்ஃபோ என்னும் நீள்விருப்பத்தைக் கொடுத்தால், அந்தக் குறிப்பிட்ட கருவி அறிந்த எல்லா வடிவங்களையும் கட்டமைப்புகளையும் பட்டியலிட்டுவிடும். மடிக்கணினியோடு வந்த ஆப்ஜ்காப்பியில் ரிஸ்க்-வி பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. அதில் மேற்கண்ட கட்டளையை இட்டால் செல்லாத இலக்கு என்ற செய்தியே வரும். எந்தக் கருவித்தொகுப்பின் கம்பைலர் நிரலை மொழிபெயர்க்கிறதோ அதே தொகுப்பின் ஆப்ஜ்காப்பியையே பயன்படுத்த வேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி.

வழக்கத்தில் அடிக்கடி தேவைப்படுபவை சிலவே. ஆர்ம் கோர்டெக்ஸ்-எம் வகை நுண்கட்டுப்படுத்திகளுக்கு வடிவம் எல்ஃப்32-லிட்டில்ஆர்ம், கட்டமைப்பு ஆர்ம். ராஸ்பெரி பையில் 64 பிட் இயங்குதளம் ஓடும்போது எல்ஃப்64-லிட்டில்ஏஆர்ச்64, கட்டமைப்பு ஏஆர்ச்64. மேசைக்கணினிக்கு எல்ஃப்64-எக்ஸ்86-64, கட்டமைப்பு ஐ386:எக்ஸ்86-64. சக்தியின் சி வகைச் செயலிகள் 64 பிட் ஆகையால் எல்ஃப்64-லிட்டில்ரிஸ்க்வி, ரிஸ்க்வி:ஆர்வி64.

இப்பெயர்களை ஊகத்தால் தேர்வோர் இரண்டு இடங்களில் வழுக்குகின்றனர். முதலாவது, கருவித்தொகுப்பின் பெயர். மேலே தரப்பட்ட கட்டளையில் கருவியின் பெயர் ரிஸ்க்வி64 என்று தொடங்க, வெளியீடோ 32 பிட்டாக இருப்பதைக் கவனிக்கலாம். அது அச்சுப்பிழை அன்று. ரிஸ்க்வி64 என்று பெயரிட்ட தொகுப்பு 32 பிட் நிரலையும் உருவாக்க வல்லது. எது வேண்டும் என்பதைக் கம்பைலருக்குக் கொடுக்கும் எம்ஆர்ச், எம்ஏபிஐ என்னும் விருப்பங்களே தீர்மானிக்கின்றன. கருவியின் பெயரைப் பார்த்து எல்ஃப்64 என்று எழுதினால், 32 பிட் நிரலோடு அக்கோப்பு சேராது. இரண்டாவது, சில்லின் வணிகப் பெயர். மாணவர் செய்முறைகளில் மிகப் பரவலாக வழங்கும் ஈஎஸ்பி32 சில்லில் இருப்பது எக்ஸ்டென்சா என்னும் கட்டமைப்பு. அதே நிறுவனத்தின் ஈஎஸ்பி32-சி3 சில்லில் இருப்பதோ ரிஸ்க்-வி. பெயரில் இரண்டு எழுத்து மாற, கட்டமைப்பு அடியோடு மாறிவிடுகிறது. முன்னதற்கு எல்ஃப்32-எக்ஸ்டென்சா-எல்ஈ என்றும் பின்னதற்கு எல்ஃப்32-லிட்டில்ரிஸ்க்வி என்றும் குறிப்பிட வேண்டும். கடையில் கொடுத்த பலகையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைக் காட்டிலும், கம்பைலருக்கு என்ன விருப்பங்கள் கொடுக்கப்பட்டுள்ளன என்பதே நம்பத்தக்க சான்று.

தலைப்பகுதியைச் சோதித்தல்

மாற்றம் முடிந்தவுடன், லிங்கரை அழைப்பதற்கு முன்பே, உருவான கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்துவிட வேண்டும். ரீட்எல்ஃப் என்னும் கருவிக்குச் சிறிய ஹெச் விருப்பத்தைக் கொடுத்தால் அது தலைப்பகுதியை வரிவரியாக விரித்துக் காட்டும். கருவியின் துணையின்றி வெறும் பைட்டுகளையே எண்ணிப் பார்ப்பதும் கடினம் அன்று. ஒருமுறை அவ்வாறு பார்த்தவருக்கு எல்ஃப் வடிவம் மர்மமாக இருப்பது ஒழியும். முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் 127, 69, 76, 70. ஐந்தாவது பைட் 1 எனில் கோப்பு 32 பிட், 2 எனில் 64 பிட். ஆறாவது பைட் 1 எனில் சிறிய மதிப்புள்ள பைட் முதலில், 2 எனில் பெரிய மதிப்புள்ள பைட் முதலில். பத்தொன்பதாவது, இருபதாவது பைட்டுகள் சேர்ந்து செயலியின் எண்ணைத் தருகின்றன: ரிஸ்க்-விக்கு 243, ஆர்முக்கு 40, ஏஆர்ச்64-க்கு 183, எக்ஸ்86-64-க்கு 62, பழைய 32 பிட் இன்டெலுக்கு 3. அவ்விடத்தில் சுழி இருந்தால் கட்டமைப்பு குறிப்பிடப்படவில்லை என்பது பொருள். மூன்றாவது விருப்பம் விடுபட்டிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

செயலியின் எண் பொருந்திய பின்னும் ஒரு தடை எஞ்சலாம். எல்ஃப் தலைப்பகுதியில் கொடிகள் என்னும் நான்கு பைட் புலம் ஒன்று இருக்கிறது. 32 பிட் கோப்பில் அது 37-ஆவது பைட்டிலும் 64 பிட் கோப்பில் 49-ஆவது பைட்டிலும் தொடங்கும். ரிஸ்க்-வியில் சுருக்கக் கட்டளைகள் பயன்பட்டனவா, தசம எண்களை வன்பொருள் பதிவகங்கள் வழியே அனுப்பும் ஒப்பந்தமா என்பவை அங்கே பதிவாகும். தேஜஸ்32 அடிப்படை முழுஎண் கட்டளைகளும் பெருக்கல் கட்டளைகளும் மட்டும் கொண்டது. ஆகவே அதற்கான கோப்புகளில் இப்புலம் சுழியாக இருக்கும், ஆப்ஜ்காப்பி உருவாக்கும் கோப்பிலும் சுழியே இருக்கும், இரண்டும் இசையும். சக்தியின் சி வகைக்கு இரட்டைத் துல்லியத் தசம ஒப்பந்தத்தோடும் சுருக்கக் கட்டளைகளோடும் நிரலை உருவாக்கினால், கம்பைலர் தரும் கோப்புகளில் கொடியின் மதிப்பு 5. ஆப்ஜ்காப்பி தந்ததில் சுழி. இவற்றை ஒன்றாக்கப் பழைய லிங்கர்கள் மறுத்துவிடும்: இரட்டைத் தசம ஒப்பந்தமும் மென்பொருள் தசம ஒப்பந்தமும் சேராது என்பது அவை தரும் செய்தி. எழுத்துருக் கோப்பில் கட்டளை ஒன்றுகூட இல்லாதிருக்க, அதன்மேல் தசம ஒப்பந்தம் பற்றிய குற்றச்சாட்டு எழுவது நியாயமற்றதாகத் தோன்றும், உண்மையிலும் நியாயமற்றதே. கட்டளைப் பகுதி எதுவும் இல்லாத கோப்புகளுக்கு இச்சோதனையைத் தவிர்க்கும்படி பின்னர் லிங்கர் திருத்தப்பட்டது. பழைய தொகுப்பை மாற்ற இயலாதோருக்கு வேறு வழி உண்டு. அது கீழே வருகிறது.

பெயர்ச்சீட்டு மாற்றாதவை

இலக்குக் கட்டமைப்பைக் குறிப்பிடுவது தலைப்பகுதியை மட்டுமே பாதிக்கிறது, உள்ளடக்கத்தின் ஒரு பைட்டையும் அது இடம் மாற்றுவதில்லை. லிட்டில் என்று வெளியீட்டு வடிவத்தில் எழுதிவிட்டதால் கோப்புக்குள் இருக்கும் எண்கள் அந்த வரிசைக்குத் திருப்பப்பட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. எழுத்துருவில் ஓரொரு பைட்டாகப் படிக்கும் புள்ளிப்படங்கள் மட்டும் இருந்தால் இதனால் தொல்லையில்லை. ஆனால் எந்த எழுத்துக்கு எந்தப் படம் என்று சொல்லும் அட்டவணை அதனுடன் சேர்ந்தே வருவது வழக்கம், அதிலுள்ள குறியெண்களோ இரண்டு பைட் கொண்டவை. யூனிகோடில் க என்னும் எழுத்தின் எண் 2965. சிறிய பைட் முதலில் வரும் வரிசையில் அது 149, 11 என்று கோப்பில் நிற்கும். எதிர் வரிசையில் 11, 149 என்று நிற்கும். அட்டவணையை உருவாக்கிய நிரல் எதிர் வரிசையில் எழுதியிருந்தால், ரிஸ்க்-வி செயலி அதை 38155 என்று படித்து, தமிழுக்குப் பதில் சீன எழுத்துத் தொகுதிக்குள் சென்று தேடும். பலகையில் ஓர் எழுத்தும் தோன்றாது. கம்பைலரும் லிங்கரும் ஓர் எச்சரிக்கையும் தந்திருக்கமாட்டா. ஆகவே பைட் வரிசையை மூலக் கோப்பை உருவாக்கும் இடத்திலேயே இலக்குக்கு ஏற்ப அமைத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு துணைக்குறிப்பு பயன்படும். யூனிகோடில் கி, கு, கே போன்ற உயிர்மெய்கள் இரண்டு குறியெண்களின் சேர்க்கையாக வருவதால், அவற்றைக் கூட்டிப் படத்தைக் கண்டறியும் நிரல் சற்று நீளும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்ற டேஸ்16 குறியாக்கம் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் 16 பிட் அளவில் தனி எண் ஒன்றைத் தருகிறது. இணையத்திலும் கைப்பேசியிலும் யூனிகோடே நிலைபெற்றுவிட்டது என்றாலும், விலைப்பலகை போன்ற சிறு கருவியின் உள் அட்டவணைக்கு ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்னும் அமைப்பு மிகவும் பொருத்தமானது.

உள்ளடக்கம் எந்த முகவரியில் தொடங்கும் என்பதையும் பெயர்ச்சீட்டு தீர்மானிப்பதில்லை. ஆப்ஜ்காப்பி உருவாக்கும் பகுதிக்கு ஒழுங்கமைவு ஒரு பைட் மட்டுமே; ஒற்றைப்படை முகவரியிலும் அது வைக்கப்படலாம். இரண்டு பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து ஒரே கட்டளையில் எடுக்க மறுத்து நின்றுவிடும் சிறு செயலிகள் பல உள்ளன. நிரலில் வேறெங்கோ ஒரு பைட் கூட்டியதும் நேற்றுவரை ஓடிய பலகை இன்று நின்றுவிடுவதற்கு இது காரணமாகலாம். செட்-செக்ஷன்-அலைன்மென்ட் என்னும் விருப்பத்தால் நான்கு பைட் எல்லையை வற்புறுத்தினால் இது தீரும், பின்யூட்டில்ஸ் 2.33-க்கு முந்தைய பதிப்புகளில் அவ்விருப்பம் இல்லை.

பகுதியின் பெயரும் கவனத்துக்குரியது. கருவி உள்ளடக்கத்தை டேட்டா என்னும் பகுதியில் வைக்கிறது. அது நிரல் ஓடும்போது மாறக்கூடிய தரவுக்கான இடமாகையால், ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரு படியும் செயல்நினைவகத்தில் மறு படியுமாக இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும். எளிதில் கிடைக்கும் எஸ்டிஎம்32எஃப்103சி8 என்னும் ஆர்ம் நுண்கட்டுப்படுத்தியில் செயல்நினைவகம் 20 கிலோபைட், அதாவது 20,480 பைட்டுகள். நம் எழுத்துருவோ 23,712 பைட்டுகள். டேட்டாவில் விட்டால் அது நுழையவே முடியாது. மாறாத தரவுக்குரிய ரோடேட்டா என்னும் பகுதிக்குப் பெயர் மாற்றினால் 64 கிலோபைட் ஃப்ளாஷில் தாராளமாக அமர்ந்துவிடும். அதற்கு ரீநேம்-செக்ஷன் விருப்பத்தை அதே கட்டளையில் சேர்த்து, டேட்டாவை ரோடேட்டா என்றும் அதன் தன்மைகளை அலாக், லோடு, ரீட்ஒன்லி, டேட்டா, கன்டென்ட்ஸ் என்றும் எழுத வேண்டும்.

குறியீடுகளும் தமிழ்க் கோப்புப்பெயர்களும்

உருவான கோப்பின் உள்ளடக்கத்தைச் சி நிரலிலிருந்து எட்டுவதற்கு ஆப்ஜ்காப்பி மூன்று குறியீடுகளை அமைக்கிறது. உள்ளீட்டின் பெயர் ஃபாண்ட்.பின் எனில் அவை _பைனரி_ஃபாண்ட்_பின்_ஸ்டார்ட், _பைனரி_ஃபாண்ட்_பின்_எண்ட், _பைனரி_ஃபாண்ட்_பின்_சைஸ். கோப்புப்பெயரில் எழுத்தோ எண்ணோ அல்லாத ஒவ்வொன்றும் அடிக்கோடாகிவிடுகிறது. கட்டளையில் கோப்புறைப் பாதையோடு பெயரைக் கொடுத்தால் பாதையும் குறியீட்டுக்குள் வந்துவிடும். ஒருவர் கணினியில் சேர்ந்த நிரல் மற்றவர் கணினியில் குறியீடு காணவில்லை என்று நிற்பது இதனாலேயே. கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் சென்று கட்டளையை இடுவது இதற்கு எளிய தீர்வு.

தமிழில் வேலை செய்வோர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இதில் உண்டு. கருவி எழுத்து என்று ஒப்புக்கொள்வது ஆங்கில எழுத்துகளை மட்டுமே. கோப்புக்கு உண்மையிலேயே தமிழ் எழுத்துகளில் பெயரிட்டால், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளாவதால், ஒவ்வொன்றும் மூன்று அடிக்கோடுகளாக மாறும். விலை என்ற பெயர் வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என நான்கு குறியெண்கள் கொண்டது, ஆகவே 12 அடிக்கோடுகள். நாள் என்ற பெயரும் ந, கால், ள, புள்ளி என நான்கு கொண்டது. அதுவும் 12 அடிக்கோடுகள். இவ்விரு கோப்புகளும் ஒரே நிரலில் சேர்ந்தால் குறியீடுகள் ஒன்றுபோலவே அமைந்து, ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டது என்று லிங்கர் நிறுத்திவிடும். எனவே இப்பணிக்குரிய கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துப் பெயர் வைப்பதே நலம். அல்லது ரீடிஃபைன்-சிம் விருப்பத்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் வேறு பெயர் கொடுக்க வேண்டும்.

அளவைத் தரும் மூன்றாவது குறியீட்டை நம்பாமல், முடிவு முகவரியிலிருந்து தொடக்க முகவரியைக் கழித்து அளவைப் பெறுவது நல்லது. அளவு என்பது அங்கே முகவரியின் வேடத்தில் வைக்கப்பட்ட எண். லினக்ஸில் நிரலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏற்றும் முறையில் முகவரிகள் எல்லாம் நகர்த்தப்படும்போது அந்த எண்ணும் பிறழக்கூடும். லினக்ஸ் நிரல்களில் இன்னொன்றும் நேரும்: பின்யூட்டில்ஸ் 2.39 முதல், அடுக்கு நினைவகம் பற்றிய குறிப்புப் பகுதி இல்லாத கோப்புகளுக்கு லிங்கர் எச்சரிக்கை தருகிறது. ஆப்ஜ்காப்பி தரும் கோப்பில் அக்குறிப்பு இருப்பதில்லை.

எந்த வழியைத் தேர்வது

இதே பணியைச் செய்ய வேறு வழிகளும் உள்ளன. எக்ஸ்எக்ஸ்டி கருவி பைட்டுகளைச் சி மொழி அணியாக எழுதித் தரும். சிறு கோப்புகளுக்கு அது போதும், பெரியவற்றுக்குக் கம்பைலர் மிக மெதுவாகும். 2024-இல் வெளியான சி23 தரம் எம்பெட் என்னும் முன்கட்டளையைச் சேர்த்தது. ஜிசிசி 15, கிளாங் 19 ஆகிய பதிப்புகள் முதல் அது கிடைக்கிறது. இவற்றினும் பழையதும் எல்லாத் தொகுப்பிலும் உள்ளதுமான வழி அசெம்பிளரின் இன்க்பின் கட்டளை. நான்கைந்து வரி கொண்ட ஓர் அசெம்பிளிக் கோப்பில் பகுதியின் பெயரையும் ஒழுங்கமைவையும் குறியீட்டையும் எழுதி, இன்க்பின் வழியாக மூல பைனரியை உள்ளே இழுத்து, மற்ற நிரல்களுக்குக் கொடுக்கும் அதே எம்ஆர்ச், எம்ஏபிஐ விருப்பங்களோடு அதே கம்பைலரால் மாற்றினால், பிட் அளவு, பைட் வரிசை, செயலியின் எண், கொடிகள் ஆகிய அனைத்தும் தாமாகவே பொருந்திவிடும். தசம ஒப்பந்தச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை.

ஒரே கட்டமைப்பை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருப்பதுதான் ஆப்ஜ்காப்பி வழியின் அடிப்படைக் குறை. ஆகவே பலகைகளில் ஏற்றி விற்கப்போகும் நிரலுக்கு இன்க்பினே ஏற்றது. கம்பைலர் கையில் இல்லாத இடத்திலும், பிறர் தந்த பைனரியை விரைவாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்திலும், கட்டமைப்புப் பதிவின் உள்ளியக்கத்தைக் கற்பிக்கும் வகுப்பிலும் ஆப்ஜ்காப்பி தன் பயனைத் தரும். அங்கெல்லாம் கட்டளையைக் கையால் இடாமல், மேக்ஃபைலில் கம்பைலர் விருப்பங்களுக்கு அடுத்த வரியிலேயே எழுதி வைத்தால், செயலி மாறும் நாளில் இரண்டும் சேர்ந்தே மாறும்.

மாற்றத்தின் எதிர்த்திசையிலும் இதே கடமை உண்டு. பழுதான பலகை ஒன்றின் ஃப்ளாஷிலிருந்து எடுத்த பைனரியைப் படித்தறிய ஆப்ஜ்டம்ப் கருவியை அழைக்கும்போது, பைனரி என்ற வடிவத்தையும் சிறிய எம் விருப்பத்தில் ரிஸ்க்வி:ஆர்வி32 என்ற கட்டமைப்பையும் கொடுத்தால்தான் கட்டளைகள் விளங்கும். தவறான கட்டமைப்பைக் கொடுத்தாலும் கருவி மறுக்காமல் ஏதோ கட்டளைகளைக் காட்டிவிடும், அவை பொருளற்றவையாக இருக்கும். எனவே ஒரு மூல பைனரியைச் சேமித்து வைப்பவரும் பிறருக்கு அனுப்புபவரும், செயலியின் கட்டமைப்பு, பிட் அளவு, பைட் வரிசை, ஏற்ற வேண்டிய முகவரி ஆகிய நான்கையும் ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி அதனுடன் சேர்த்தே வைக்க வேண்டும்.